பார்க்காத கண்ணும் சாட்சி சொன்னது

2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. குற்றாலத்தில் சாரல் சீசன் ஓயப்போகும் சமயம். மாலை 6 மணி 11 நிமிடம். பொழுது அடைய இன்னும் சுமார் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. அந்த நேரத்தில் தென்காசிக்குத் தென்மேற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவே இருந்த ஒரு புள்ளியிலிருந்து இரண்டு சமிக்ஞைகள் வந்தன. முதலில் வந்தது, வெளியையும் காலத்தையும் அதிரவைத்தபடி பரவும் ஈர்ப்பு அலை. மலை, கோபுரம், அருவிக்கரையில் துண்டோடு நின்றவர்கள் என எல்லாவற்றையும் ஊடுருவி, பூமியின் மறுபக்கம் வழியாக அது வெளியேறிவிட்டது. 1.7 விநாடி கழித்து வந்தது காமா கதிர். அது யார் மேலும் படவில்லை. தரைக்கு வந்துசேரும் முன்பே காற்றுமண்டலம் அதை விழுங்கிவிட்டது.

இரண்டு விநாடி மட்டுமே நீடித்த அந்த ஒளிக்கு ஜி.ஆர்.பி. 170817ஏ என்று பெயர். ஆண்டு, மாதம், தேதி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதியதுதான் அந்த எண். விண்வெளியில் அவ்வப்போது நிகழும் 'குறு காமா கதிர் வெடிப்பு' வகையில் இதுவரை மிக விரிவாக ஆராயப்பட்டது இதுவே. வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவிய கருவிகளில், வெடிப்பைப் பார்க்கவே பார்க்காத ஓர் இந்தியக் கருவியும் உண்டு.

காமா கதிர் என்பது ஒளியின் குடும்பத்தில் மிக அதிக ஆற்றல் கொண்ட உறுப்பினர். கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியால் குவிக்கவும் முடியாது. ஒரு மனிதரின் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதையும் தண்ணீரின் அடர்த்திக்கு அழுத்தினால் சுமார் 10 மீட்டர் உயரம் வரும். பேரருவியில் குளிப்பவர் மீது அருவித் தண்ணீர் போக, இந்தப் பத்து மீட்டரும் சேர்ந்தே நிற்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு கீழே வர காமா கதிரால் முடிவதில்லை. உயிரினங்களுக்கு அது நல்லது. வானியலாளருக்குத்தான் சங்கடம்: எந்த மலையுச்சியில் ஏறி நின்றாலும் பலனில்லை, காற்றுக்கு மேலே செயற்கைக்கோளில்தான் கருவியை வைக்க வேண்டும்.

உளவு பார்க்கப் போன இடத்தில்

இந்த வெடிப்புகள் உலகுக்குத் தெரியவந்ததே வேறொரு காரியத்தின் நடுவில்தான். விண்வெளியில் அணுகுண்டு வெடிக்கக் கூடாது என்று 1963-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன. ஒப்பந்தம் மீறப்படுகிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா 'வேலா' என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் காமா கதிர் பதிவானது. அணுகுண்டின் அடையாளம் அதில் இல்லை. சூரியனிலிருந்தும் வரவில்லை.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளெபசடெல், இயன் ஸ்ட்ராங், ராய் ஓல்சன் ஆகியோர் இப்படிப் பதினாறு வெடிப்புகளைச் சேர்த்து 1973-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன்பின் இருபது ஆண்டுக்காலம் வாதம் நடந்தது: வெடிப்பது பால்வீதிக்குள்ளா, வெளியிலா? 1991-ல் நாசா ஏவிய காம்ப்டன் ஆய்வகம் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. பால்வீதிக்குள் நடப்பவையாக இருந்தால், இரவில் வெண்பட்டையாகத் தெரியும் அந்தப் பகுதியில் அவை குவிந்திருக்க வேண்டும். வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது எந்தப் பக்கமும் சாயாமல் வானம் முழுக்கப் பரவியிருந்தன.

அதே தரவை 1993-ல் வேறு விதமாக அடுக்கிப் பார்த்தது கிரிஸ்ஸா குவெலியோட்டு தலைமையிலான குழு. வெடிப்பு எத்தனை விநாடி நீடித்தது என்று வரிசைப்படுத்தியதும் இரண்டு கூட்டம் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு விநாடிக்குக் குறைவானவை ஒரு பக்கம். பல விநாடி முதல் நிமிடக்கணக்கில் நீள்பவை மறுபக்கம். நீண்டவை பெருவிண்மீன்கள் உள்ளே நொறுங்கிச் சாகும்போது வருபவை என்பது பிறகு உறுதியானது. குறுகியவை இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதுவதால் வரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். நியூட்ரான் விண்மீனின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர். அதற்குள் சூரியனைவிட அதிக நிறை அடங்கியிருக்கும். அப்படி இரண்டு மோதும் காட்சியை நேரில் பார்த்த சாட்சிதான் யாரும் இல்லை.

பதினான்கு விநாடியில் ஒரு தந்தி

2017-ல் அந்தச் சாட்சி கிடைத்தது. 'பெர்மி' செயற்கைக்கோளில் காமா வெடிப்புகளைக் கவனிக்க மொத்தம் 14 உணரிகள் உள்ளன. அவற்றில் 12 வெவ்வேறு திசை பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டவை. வெடிப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்க உணரிகளில் எண்ணிக்கை கூடும், எதிர்ப்பக்கத்தில் குறையும். இந்த வித்தியாசத்தை வைத்தே திசை ஓரளவு தெரிந்துவிடும். அன்று வெடிப்பைப் பதிவு செய்த பதினான்கு விநாடியில், மனிதர் யாரும் தலையிடாமல், உலகெங்கும் வானியலாளர்களுக்குத் தானியங்கித் தகவல் பறந்தது.

அமெரிக்காவில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ நிலையங்கள் இரண்டு. அவற்றில் லிவிங்ஸ்டனில் பதிவான தரவில் சரியாக அந்த நேரத்தில் ஓர் இரைச்சல் குறுக்கிட்டதால் கணினி அதை ஒதுக்கிவிட்டது. ஹான்ஃபோர்டு நிலையத்துக் கணினி சில நிமிடம் கழித்து ஒன்றைப் பிடித்தது: இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுமார் 100 விநாடி சுற்றி நெருங்கி ஒன்றாகக் கலந்த அலை. அதன் முடிவுக்கும் பெர்மி கண்ட ஒளியின் தொடக்கத்துக்கும் இடைவெளி 1.7 விநாடி. கோடிக்கணக்கான ஆண்டு பயணம் செய்து வந்த இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்து சேர்ந்ததால், ஈர்ப்பு அலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றே என்பது அதுவரை இல்லாத துல்லியத்தோடு நிரூபணமானது.

எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. பெர்மி காட்டிய பகுதி ஆயிரம் சதுர டிகிரிக்கும் மேல். முழுநிலவு வானில் அடைக்கும் இடம் 0.2 சதுர டிகிரி என்பதால், பெர்மி காட்டியது ஐயாயிரம் நிலாக்களைப் பரப்பி வைக்கும் அளவு. அதற்குள் எந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பது?

இங்கேதான் 'பார்க்காதவர்கள்' உதவிக்கு வந்தார்கள். இத்தாலியில் உள்ள விர்கோ நிலையம் அந்த மாதம் முதல் தேதிதான் லைகோவோடு சேர்ந்து வேலை தொடங்கியிருந்தது. அன்றைய அலை அதில் மிக மங்கலாகவே பதிவானது. கருவி நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் மங்கலாகத் தெரிகிறதென்றால், அலை விர்கோவுக்குச் சரியாகக் கேட்காத திசையிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்தத் திசைகள் எவை என்பது ஏற்கெனவே தெரியும். தேட வேண்டிய இடம் சுமார் 30 சதுர டிகிரியாகச் சுருங்கியது.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் விழித்திருந்தது. அதில் எதுவும் பதிவாகவில்லை. அதன் காமா கருவி தன் பார்வைக்குட்பட்ட வானத்தில் அத்தகைய வெடிப்பு நடந்திருந்தால் கண்டிருக்கும். காணவில்லை என்றால், வெடிப்பு நடந்த இடத்துக்கும் ஆஸ்ட்ரோசாட்டுக்கும் நடுவே அந்த நேரத்தில் பூமி நின்றிருக்க வேண்டும். பெர்மி காட்டிய பகுதியில் பூமி மறைத்த பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். தென்காசி அந்த வெடிப்பை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், இந்தியச் செயற்கைக்கோள் பூமிக்குப் பின்னால் இருந்தது. அந்த இருப்பே ஒரு தடயமானது.

ஏறக்குறைய 11 மணி நேரத்தில், சிலியில் உள்ள லாஸ் கம்பனாஸ் மலையின் ஸ்வோப் தொலைநோக்கி, என்.ஜி.சி. 4993 என்ற நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தது. தொலைவு சுமார் 13 கோடி ஒளி ஆண்டு. அந்த ஒளி புறப்பட்டபோது மடகாஸ்கர் இந்தியாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றால மலைக்கு மேற்கே அரபிக்கடல் என்று ஒன்று இல்லை.

நூறு உயர்ந்தால் சரி, இருபது உயர்ந்தால் சும்மா

ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ராக்கெட்டில் ஏறியது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளும் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் இடம், தென்காசிக்குத் தெற்கே இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம். தரையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரிக்கு மேல் விலகாமல் ஆஸ்ட்ரோசாட் சுற்றுகிறது. தென்காசி இருப்பது 9 டிகிரி வடக்கில். ஆகவே நாளொன்றுக்குப் பல முறை அந்தச் செயற்கைக்கோள் நெல்லைச் சீமையின் தெற்கு வானத்தைக் கடந்து போகிறது.

அதில் காமா வெடிப்புகளைப் பிடிப்பது சி.இசட்.டி. கருவி. காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் மூன்றும் கலந்த படிகத் தகடுகளால் ஆனது. நான்கு சென்டிமீட்டர் சதுரம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன். இப்படி 64 தகடுகள் நான்கு பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகடும் 256 கட்டங்கள்; மொத்தம் 16,384. ஒரு காமா துகள் விழுந்தால் எந்தக் கட்டத்தில், எவ்வளவு ஆற்றலோடு, எப்போது என்று பதிவாகும். நேரக் கணக்கு விநாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியம்.

நேரெதிரே இருக்கும் சிறு பகுதியைப் படம் பிடிப்பதுதான் இந்தக் கருவிக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் ஆற்றல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால், கருவியைச் சுற்றியுள்ள தடுப்புகளைக் கதிர் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பக்கவாட்டில் வெடித்தாலும் இதற்குத் தெரியும். 2015 அக்டோபர் 6 அன்று கருவியை இயக்கிய முதல் நாளிலேயே ஒரு வெடிப்பு சிக்கியது. 2023 நவம்பரில் எண்ணிக்கை 600-ஐத் தொட்டது.

எண்ணிக்கையைச் சொல்வது எளிது. ஒரு பதிவு வெடிப்புதானா என்று தீர்மானிப்பதில்தான் உழைப்பெல்லாம். விண்வெளியில் எந்நேரமும் காமா துகள்கள் தூறிக்கொண்டே இருக்கும். ஒரு பேச்சுக்கு, கருவியின் ஒரு பகுதியில் விநாடிக்கு 400 துகள்கள் விழுவது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். எதேச்சையான ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், அதாவது 20. ஒரு விநாடியில் 420 விழுந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. 500 விழுந்தால் விசாரிக்க வேண்டும். நான்கு பகுதிகளும் ஒரே நேரத்தில் உயர்ந்திருக்கின்றனவா? ஒரு பகுதி மட்டும் துள்ளியிருந்தால், பெரும்பாலும் ஒரு காஸ்மிக் கதிர் செயற்கைக்கோளின் உடலில் மோதிச் சிதறிய பொறி. அத்தகைய பொறிகள் மைக்ரோ விநாடிகளில் கொத்தாக விழும். கணினி அவற்றை முதலிலேயே சலித்து எறிந்துவிடும். சலித்த பிறகும் மிஞ்சினால், தகடுகளுக்கு அடியில் உள்ள காவல் உணரியும் அதே நேரத்தில் உயர்ந்ததா, வேறு செயற்கைக்கோள்களும் கண்டனவா என்று ஒப்பிடுவார்கள்.

வெடிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கும் ஒரு முறை உண்டு. தொடக்கமும் முடிவும் பின்னணித் தூறலில் கரைந்துவிடுவதால் அவற்றை நம்ப முடியாது. மொத்தத் துகள்களில் முதல் 5 சதவீதம் வந்து முடிந்த நேரத்திலிருந்து 95 சதவீதம் வந்து முடிந்த நேரம் வரை எடுத்துக்கொள்வார்கள். இந்த அளவு இரண்டு விநாடிக்குக் கீழே இருந்தால் குறுவெடிப்பு என்ற பட்டியலில் சேரும். அடுத்து, துகள்களில் ஆற்றல் மிகுந்தவை எத்தனை, குறைந்தவை எத்தனை என்ற விகிதம். குறுவெடிப்புகளில் பொதுவாக ஆற்றல் மிகுந்தவை அதிகம். 170817ஏ-வின் நேரம் எல்லைக்கோட்டில் இருந்தது. வழக்கமான குறுவெடிப்புகளோடு ஒப்பிட்டால் அதன் ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல் குறைவு. மோதலிலிருந்து பீய்ச்சிய தாரை பூமியை நேராகக் குறிபார்க்கவில்லை, பூமி அதன் ஓரத்தில்தான் இருந்தது என்பது அந்த மங்கலுக்கான விளக்கம்.

இந்த விளக்கம் உறுதிப்படப் பல மாதம் ஆனது. புனே அருகே நாராயண்காவ் பக்கம் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, அந்த இடத்தின் பின்னொளியை எல். ரெஸ்மி தலைமையிலான குழு தொடர்ந்து கவனித்தது. அவர் பணியாற்றுவது, தென்காசியிலிருந்து மலையைத் தாண்டினால் வரும் திருவனந்தபுரத்தின் இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகத்தில். நேராகக் குறிபார்த்த தாரையாக இருந்தால் ரேடியோ ஒளி சீக்கிரம் மங்கியிருக்கும். இது மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், ஐந்து மாதமளவில்தான் இறங்கத் தொடங்கியது. தாரை வேகம் குறைந்து விரிய விரிய, அதன் மையப்பகுதியின் ஒளியும் பூமியின் பார்வைக்கு வந்தது என்று இதற்குப் பொருள்.

இரண்டு விநாடி என்ற வேலி

வகைப்படுத்தியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க வானம் விடவில்லை. 2020 ஏப்ரல் 15, ஊரடங்கு நாளில், இந்திய நேரம் பிற்பகல் 2.12 சுமாருக்கு, செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ஒடிசி கலத்தில் ஒரு காமா வீச்சு பதிவானது. ஆறரை நிமிடத்துக்குப் பின், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் 'விண்ட்' கலம் அதைக் கண்டது. அடுத்த 4.5 விநாடியில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் கண்டன. 15 லட்சம் கிலோமீட்டரை ஒளி நேராகக் கடக்க ஐந்து விநாடி ஆகும். அரை விநாடி குறைந்திருப்பதால், கதிர் விண்ட் கலத்தையும் பூமியையும் இணைக்கும் கோட்டுக்குச் சாய்வாக வந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு ஜோடிக் கலத்தின் நேர வித்தியாசமும் வானில் ஒரு வளையத்தைத் தரும். வளையங்கள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மூலம். சுமார் 1.1 கோடி ஒளி ஆண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 253 நட்சத்திரக் கூட்டத்தில் அவை வெட்டிக்கொண்டன.

விநாடியில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே நீடித்த அந்த வெடிப்பு, பட்டியலின்படி குறுவெடிப்பேதான். ஆனால் அங்கே எதுவும் மோதவில்லை. அபரிமிதமான காந்தப்புலம் கொண்ட 'மேக்னட்டார்' என்ற ஒற்றை நியூட்ரான் விண்மீன் குமுறியிருந்தது.

வேலி மறுபக்கமும் உடைந்தது. 2023 மார்ச் 7 அன்று வந்த வெடிப்பு நிமிடக்கணக்கில் நீண்டது. அதுவரை பதிவானவற்றில் இரண்டாவது பிரகாசமானது. பெருவிண்மீனின் சாவாகத்தான் இருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சில வாரம் கழித்து அந்த இடத்தைப் பார்த்தபோது தெரிந்தது, நியூட்ரான் விண்மீன்கள் மோதிய பிறகு வரும் சிவந்த ஒளிர்வு. அந்த ஒளியின் நிறமாலையில் டெல்லூரியம் தனிமத்தின் சுவடும் இருந்தது.

மோதலில் சிதறும் நியூட்ரான்கள் அணுக்கருக்களில் அடுத்தடுத்து ஏறிக்கொள்வதால் தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் பிறக்கின்றன. 170817-ன் மிச்ச ஒளியில் ஸ்ட்ரான்ஷியம் இருந்ததை 2019-ல் கண்டுபிடித்தார்கள். டெல்லூரியமும் இதே வழியில் உருவாவதுதான். ஆஸ்ட்ரோசாட்டின் 64 தகடுகளிலும் இருப்பது அதே டெல்லூரியம். சூரியன் பிறப்பதற்கு முன் எங்கோ நடந்த வெடிப்புகளில் உருவாகி, பூமியின் தாதுக்களில் சேர்ந்து, படிகமாக வளர்க்கப்பட்டு, இன்று அதே வகை வெடிப்புகளுக்குக் காவல் இருக்கிறது.

கோப்பைத் திறந்தால்

ஐந்தாண்டு உழைக்கட்டும் என்று அனுப்பிய ஆஸ்ட்ரோசாட், அந்தக் காலத்தைத் தாண்டியும் வெடிப்புகளைப் பதிவு செய்தது. வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க இரண்டு செயற்கைக்கோள்களைப் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தும் 'தக்ஷா' திட்டத்தை, மும்பை ஐ.ஐ.டி.யின் வருண் பாலேராவ் தலைமையிலான குழு முன்வைத்திருக்கிறது. ஒன்றின் பார்வையைப் பூமி மறைத்தால் மற்றொன்று பார்க்கும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா நிலையத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவிலிருந்து வெகுதொலைவில் இன்னொரு நிலையம் வந்தால், அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற கணக்கு இன்னும் கூர்மையாகும்.

அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் மாணவர்களுக்கு இல்லை. ஆஸ்ட்ரோசாட்டின் பழைய பதிவுகளை 2018 செப்டம்பரில் இஸ்ரோ பொதுவில் திறந்துவிட்டது. கருவியின் தரவைச் சலிக்கும் மென்பொருளும் இலவசம். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர், பெங்களூரு அருகே பயலாலுவில் உள்ள இஸ்ரோ தரவு மையத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு, ஏதாவது ஒரு வெடிப்பு நாளின் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால் விநாடிவாரியாகத் துகள் எண்ணிக்கை வரைபடமாக விரியும். நான்கு பகுதிகளின் கோடுகளும் ஒரே விநாடியில் ஒன்றாக எழும்புகின்றனவா என்பதை அவர் தன் திரையிலேயே சரிபார்க்கலாம். வெடிப்பு எத்தனை விநாடி என்று தானே கணக்கிட்டு, வெளியான கட்டுரைகளில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். 2017 ஆகஸ்ட் 17-ஐத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கோடு எழும்பாது. எழும்பாத அந்தக் கோட்டிலிருந்து, அன்று மாலை 6.11-க்கு ஆஸ்ட்ரோசாட்டின் பார்வையில் வானத்தின் எந்தப் பகுதியைப் பூமி மறைத்திருந்தது என்று கண்டுபிடிப்பது ஒரு நல்ல செய்முறைப் பயிற்சி.